அவர் போடாத கையெழுத்து

நடந்தது இதுதான்:

1. காரைக்குடியில் ஒரு பதிப்பகத்துக்குப் படக்கதைப் புத்தகங்களைக் கணினியில் வடிவமைத்துக் கொடுத்தேன்.
2. அங்கே ஒரு கொள்ளைக்காரியின் கதை நன்றாக விற்றது. அவளுடைய சிறுவயதுக் கதையையும் போட முதலாளி ஆசைப்பட்டார்.
3. அவளைப் படைத்த தேவகோட்டை ஓவியர் மறுத்துவிட்டார். "அவ எங்கேருந்து வந்தான்னு யாருக்கும் தெரியக் கூடாது. கதையே அதுதான்" என்றாராம்.
4. முதலாளி வேறொருவரை வரையவைத்துவிட்டார்.
5. பழைய புத்தகத்திலிருந்து ஓவியரின் கையெழுத்தை எடுத்துப் புது அட்டையில் போடச் சொன்னார். "அவரு சம்மதிச்சுட்டாரும்மா" என்றார். நான் ஓவியரிடம் கேட்கவில்லை. மை கசிந்த இடங்களைக்கூடச் சரிசெய்து பதித்தேன்.

அச்சானதும் ஒரு பிரதியோடு பெருமையாக ஓவியர் வீட்டுக்குப் போனேன். அட்டையைப் பார்த்தவர் முகம் வெளுத்தது.

"என் கையெழுத்த என்னையவிட நல்லாப் போட்டிருக்கீக. இனி பத்திரத்துக்கும் உங்களையே கூப்புடுறேன்."

கூசிப்போனேன். நேராக முதலாளியிடம் போய்க் கேட்டேன்.

"ஒப்பந்தப்படி உரிமை நம்மளுது. அந்தாளு கோவிச்சா நமக்கென்ன?" என்று சிரித்தார்.

உரிமை இருப்பவருக்குத் திருட்டுக் கையெழுத்து எதற்கு? அந்தப் பெயர் இல்லாமல் தன் சரக்கை ஒருவரும் சீந்த மாட்டார்கள் என்பது அவருக்கே தெரியும். மறுத்தவரின் பெயரிலேயே பிழைக்கிற பிழைப்பு!

கையெழுத்தைப் பதித்தது நான்தான் என்று எழுதி ஓவியரிடம் கொடுத்துவிட்டேன். இப்போது படைத்தவரிடம் நானே பேசாமல் எந்தப் பக்கத்தையும் தொடுவதில்லை. அந்தப் பதிப்பகத்தில் எனக்கு வேலை இல்லை. புத்தகம் அதே அட்டையோடு விற்றுக்கொண்டிருக்கிறது.