சத்தமில்லாத பிஸ்டல்

“...ஆட்டிப் பார் தங்கச்சி, ஒரு சத்தமும் வராது. ஃபக்டரிப் பிஸ்டல் எண்டால் கடகடக்கும். இது ஒருத்தன் கையால, அரத்தால அராவி அராவிப் பொருத்தினது” என்றார் அண்ணன், நாடுவிட்டு வந்து குடியேறிய தன் குவேக்கர்ஸ் ஹில் வீட்டில். குறிபார்த்துச் சுடும் கிளப் ஒன்றில் சேர்ந்திருக்கிறாராம்.

ஆட்டினேன். சத்தமே இல்லை.

சண்டைக் காலத்தில், ஊரில் எங்கள் வீட்டு ஒழுங்கையால் ஆமிக்காரர் பொடியன்களைப் பிடிக்க வந்தால் முதலில் தோளில் தொங்கும் துவக்குகள்தான் கடகடக்கும். அம்மா தோசையைத் திருப்பாமல் காது கொடுப்பா. அதற்குள் அண்ணன் பின்கதவால் பாய்ந்து பனங்காணிக்குள் ஓடிவிடுவார். வீட்டில் தோசை கருகிய மணம்தான் மிஞ்சும்.

“அண்ணை, அவங்கட துவக்கும் இப்பிடிச் சத்தம் போடாமல் இருந்திருந்தால்?” என்று கேட்டேன்.

அண்ணன் பிஸ்டலைப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். பிறகு எழுந்துபோய், பின்கதவு திறக்கிறதா என்று திறந்து பார்த்தார்.