கண்டக்டர் சொன்ன விடை

டியூட்டி அக்கா என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் அவளைத் தெரியும். இதய வார்டில் டியூட்டி டாக்டராகவே முடி நரைத்தவள். ஆனாலும் இதய நிபுணர் என்று பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்ளச் சிறப்புத் தேர்வில் தேற வேண்டும். இரண்டு தடவை கோட்டை விட்டாயிற்று. மூன்றாவதுதான் கடைசி, அதற்குமேல் தலைகீழாக நின்றாலும் உள்ளே விடமாட்டார்கள்.

தேர்வில் ஒரு நோயாளியைப் பரிசோதித்து, என்ன கோளாறு என்று சொல்ல வேண்டும். கூத்து என்னவென்றால், வருஷா வருஷம் வருவது அதே நோயாளிகள்தான். ரிட்டயரான பஸ் கண்டக்டர் ஒருவர் அதில் நிரந்தர ஆள். நல்ல மனுஷன், வருகிறவர்கள் காதில் விடையைப் போட்டுவிடுவார். மூன்றாவது தடவை அவளுக்கு வாய்த்தது அவர்தான்.

"வால்வுல லீக்கும்மா. அத மட்டும் சொல்லு, பாஸ் போட்டுருவாங்க," என்றார் அவளிடமும்.

அவள் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். இதயச் சத்தம் அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோல் மங்கிக் கிடந்தது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது.

"வால்வு லீக் இருக்கு சார். ஆனா இதயத்தச் சுத்தித் தண்ணி கோத்திருக்கு. உடனே ஸ்கேன் எடுக்கணும்."

"போன மாசம் எடுத்ததுல ஒண்ணுமில்லையே," என்றார் பரீட்சை நடத்திய பெரிய டாக்டர்.

"அது போன மாசம் சார்."

"நீங்க பரீட்சைக்கு வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?"

ஃபெயில். வெளியே வந்து கண்டக்டரிடமும் கெஞ்சிப் பார்த்தாள். "பெரிய டாக்டருங்களே ஒண்ணுமில்லன்னுட்டாங்களேம்மா," என்று அவர் கிளம்பிவிட்டார். அவள் கைபிடித்துச் சொல்லிக்கொடுத்த ஜூனியர் டாக்டரோ, கண்டக்டர் ஓதியதை அப்படியே ஒப்பித்தான், பாஸ். "எல்லாரும் சொல்றத நீயும் சொல்லிட்டு வந்திருந்தா என்ன குறைஞ்சிருக்கும்?" என்றார் வீட்டுக்காரர். அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தாள்.

மறுவாரம் கண்டக்டரை மூச்சுத் திணறலோடு தூக்கி வந்தார்கள். ஸ்கேனில் தண்ணீர். ஊசி குத்தி அதை வெளியே இறக்கியாக வேண்டும். பெரிய டாக்டர்கள் பேரில் எத்தனை பேருக்கு அவள் செய்திருக்கிறாள்! இப்போது புது விதி, பட்டம் உள்ளவர்தான் தொடலாம். ஜூனியரைக் கூப்பிட்டாள். அவன் வந்து இறக்கினான்.

"சாமி மாதிரி கண்டுபிடிச்சீங்கய்யா!" என்று கண்டக்டரின் மனைவி அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவன் அக்காவைப் பார்த்தான். பிறகு கடிகாரத்தைப் பார்த்தான்.

"பரவாயில்லம்மா," என்றான். சண்டாளன்.

கண்டக்டர் கண் விழித்தபோது பக்கத்தில் இருந்தவள் அவள்தான்.

"தண்ணின்னு நீ அன்னிக்கே சொன்னியேம்மா! அடுத்த பரீட்சைல பிள்ளைங்ககிட்ட இதையும் சேத்துச் சொல்லிடறேன். நீயும் வருவல்ல?"

"இல்லண்ணே. எனக்கு இனிமே பரீட்சை கிடையாது."

"அட, பாஸாயிட்டியா!" கண்டக்டருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "எனக்கு அப்பவே தெரியும்மா."