பனியில் போட்ட நாற்பத்தோராவது சிலுவை

1992 மார்கழியில் பெனடிக்ற்றுக்கு லண்டன் பல்கலைக்கழகம் ஒன்றின் நிலவறையில் வேலை கிடைத்தது. மூன்று மாதம் பார்ப்பார்கள், பிடித்தால் நிரந்தரம். யாழ்ப்பாணத்துப் பாசையூரில் மீன்பிடிக்கக் கடலுக்குப் போன மனுசன், ரெய்னர்ஸ் லேனிலிருந்து ரயிலேறி வந்து, கடதாசியில் பனி பார்த்தார்.

தென்துருவத்தில் பனிமேல் இழுத்துத் திரிந்த ராடார் வரைந்த சுருள்கள் அவை. உள்ளே எரிகல் புதைந்திருந்தால் கோடுகளுக்கிடையே ஒரு வளைவு தெரியும்; அதன்மேல் குறி போடுவதுதான் வேலை. கல்லுக்குக் கிட்டப் போக முன்னமே ராடார் அதைக் கண்டுவிடும். தாண்டிப் போன பிறகும் கண்டுகொண்டே இருக்கும். அதனால்தான் வளைவு. இதைக் கேட்ட நாளிலிருந்து பெனடிக்ற் அந்தச் சுருள்களுக்கு முதுகு காட்டிச் சாப்பிடுவதில்லை.

கடைசிக் கிழமை மேலதிகாரி சிவகௌரி வந்தார்.

"அண்ணை, மூண்டு மாசமா ஒரு கல்லுமே இல்லையோ?"

"ஏன் இல்லை தங்கச்சி? எல்லாத்துக்கும் சிலுவை போட்டிருக்கிறன்."

"இஞ்ச சிலுவை எண்டால் கழிவு. கல்லுக்கு வட்டம். தாளில எழுதியிருக்கே."

"தாள் வாசிக்கேல்லை. செத்த ஆளைத் தாட்ட இடத்துக்கு ஆரும் வட்டம் போடுவினமோ?"

சிவகௌரி சிரிப்பை விழுங்கிக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நாற்பத்தொரு சிலுவை. நாற்பதின் கீழும் வளைவு இருந்தது. கடைசிச் சிலுவையில் விரலை வைத்தார்.

"இது வெறும் வெள்ளையல்லோ?"

பெனடிக்ற் மூக்கைச் சொறிந்தார். "அது கல்லில்லை. என்ர தம்பி. எண்பத்தாறில வள்ளத்தோட போனவன். கடலில சிலுவை நட ஏலாது. இது அமைதியான இடமாத் தெரிஞ்சுது."

"பொய்க் குறி ஒண்டு போதும், உங்களை எடுக்கமாட்டினம்."

"அழிக்கிறன்."

அழிக்கமுன் இன்னொரு சுருளோடு ஒப்பிட வேண்டும், அது விதி. அதே இடத்தைக் குறுக்கே வெட்டிப் போன சுருள் அன்று காலைதான் வந்திருந்தது. அவர் சிலுவை போட்டு இரண்டு கிழமைக்குப் பிறகு ராடார் ஓடிய ஓட்டம். சிவகௌரி விரித்தார். விரல் ஓடி, நின்றது.

சிலுவைக்கு நேர் கீழே, கரிய வளைவு. நாற்பதிலும் இவ்வளவு கரியது இல்லை.

சிவகௌரி பழைய சுருளைத் திரும்ப எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். வெள்ளைதான்.

"வட்டம் போட்டால் அடுத்த வருசம் தோண்டுவினம், அண்ணை."

பெனடிக்ற் பென்சிலை எடுத்தார். பிறகு சிலுவையை அழிக்காமல், அதைச் சுற்றி வட்டம் போட்டார்.

"திங்கள் ஒன்பது மணிக்கு வாங்கோ," என்றார் சிவகௌரி, கடதாசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"சொன்ன இடத்தில ஒருநாளும் நிக்காத பெடியன்," என்றார் பெனடிக்ற். "இப்ப பார், நிக்கிறான்."