வெட்டிய புல்லில் தொண்ணூற்றெட்டு

கோல்ஃப் ஆடாதவர்களுக்காக முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தொலைக்காட்சியில் பெரிய சாம்பியன்ஷிப் நடக்கும்போது நாம் பார்க்கும் மைதானம் வேறு. மற்ற நாட்களில் நம்மைப் போன்றவர்கள் பணம் கட்டி ஆடும் அதே மைதானம் வேறு. போட்டிக்காக ஓரத்துப் புல்லைக் கணுக்கால் மறையும்வரை வளர விடுவார்கள். அதற்கு ரஃப் என்று பெயர். பந்து அதற்குள் போனால் மட்டை புல்லில் சிக்கிக்கொள்ளும். குழி இருக்கும் கிரீனை மழித்து, உருளை ஓட்டி, காயவிட்டு, மொசைக் தரை போல ஆக்கிவிடுவார்கள். பந்தைத் தொட்டாலே ஓடும். போட்டி முடிந்து சில மாதங்களில் எல்லாம் மாறிவிடும். ரஃபை வெட்டுவார்கள். வேருக்குக் காற்று போவதற்காகக் கிரீனில் சிறு துளைகள் போட்டு மணல் தூவுவார்கள். அதன்பின் சில வாரங்களுக்குப் பந்து சோம்பலாகத்தான் உருளும்.

ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் என் வீட்டு பேஸ்மென்டில் உட்கார்ந்துகொண்டு, எங்கள் சனிக்கிழமைக் கூட்டத்துக்கு இதையெல்லாம் பாடமாக எடுப்பவன் நான்தான். கூட்டம் என்றால் நாலைந்து தமிழர்கள். மருந்துக் கம்பெனியிலும் கணினிக் கம்பெனியிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். காலையில் கவுன்டி மைதானத்தில் ஆடுவோம். மதியம் எடிசனில் ஓக் ட்ரீ சாலையில் சாப்பிடுவோம். கோல்ஃபில் எவ்வளவு குறைவாகப் பந்தை அடிக்கிறோமோ அவ்வளவு நல்லது; பதினெட்டுக் குழிகளையும் நூறு அடிகளுக்குள் முடிப்பதே எங்களுக்குப் பெரிய காரியம். எனக்கு மட்டும் ஓர் ஆசை இருந்தது. மேஜர் என்று சொல்லப்படும் அந்தப் பெரிய போட்டி நடந்த ஒரு மைதானத்தில், மேஜருக்கு இருந்த அதே கடுமையில், வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நூறுக்குள் ஆடிவிட வேண்டும். இதை எல்லோரிடமும் சொல்லி, எல்லோரும் கேலி செய்து ஓய்ந்திருந்தார்கள்.

கேலி செய்யாதவன் ஒருவன். கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் என் அறைத்தோழன். பிறகு நியூ ஜெர்சியில் ஒரே கம்பெனியில், ஒரே காரில் இருபது வருடங்களுக்கு மேல் போய்வந்தோம். மருந்தின் தரத்தைப் பரிசோதிக்கும் ஆய்வகம் அவன் பொறுப்பில் இருந்தது. மகளுக்கு டெக்சஸில் கல்யாணமானதும் அவனும் மனைவியும் பிளானோவுக்குக் குடிபோய்விட்டார்கள்.

எனக்கு எழுபது வயது முடிந்தபோது அவன் போன் செய்தான்.

"டேய், பே ஏரியாவுல புக் பண்ணிட்டேன். போன வருஷம் மேஜர் நடந்துச்சே, அதே கோர்ஸ். உன்ற எழுபதுக்கு என்ற கிஃப்ட்டு."

"செட்டப் எப்படிடா? ரஃபை வெட்டிட்டா அப்புறம் அது வெறும் பார்க்."

"வெட்டலையாமா. மேஜருக்கு வெச்ச மாதிரியே வெச்சிருக்காங்களாம். நீ முழங்காலுக்கு பெல்ட் போட்டுட்டு வந்து சேரு."

போனேன். கடலில் இருந்து மூடுபனி ஏறி வந்து சைப்ரஸ் மரங்களின் தலையை மறைத்திருந்தது. தொலைக்காட்சியில் நூறு முறை பார்த்த இறக்கத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன். அன்று தொண்ணூற்றெட்டு அடித்தேன். கடைசிப் பந்து குழிக்குள் விழுந்ததும் அவன் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டான். "சாதிச்சுட்டடா" என்றான். பக்கத்தில் நின்ற அமெரிக்கர்கள் கைதட்டினார்கள்.

அதன்பின் இரண்டு வருடங்கள் நான் எவ்வளவு பேசியிருப்பேன் என்று நினைத்தால் இப்போது காது சுடுகிறது. தொலைக்காட்சியில் எந்த ஆட்டக்காரனாவது ரஃபைப் பற்றிக் குறைசொன்னால், "நான் அதுல நின்னு ஆடினவன். சும்மா அழறான்" என்பேன்.

"சார் அன்னைக்கு பிசியா இருந்தார், இல்லேன்னா கப்பே நம்ம எடிசனுக்கு வந்திருக்கும்" என்பார் எங்கள் கூட்டத்தில் ஒரு மாம்பலத்துக்காரர். மற்றவர்கள் சிரிப்பார்கள். பொறாமை என்று நினைத்துக்கொள்வேன்.

போன வருடம் பிளானோவில் நண்பனின் பேரனுக்குக் காது குத்தினார்கள். நானும் என் மனைவியும் போயிருந்தோம், மாம்பலத்துக்காரரும் வந்திருந்தார். பந்தியில் என் பழைய பெருமை தானாக ஆரம்பித்தது. நண்பனின் சம்பந்தி கோல்ஃப் ஆடுபவர், நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். பரிமாறிக்கொண்டிருந்த நண்பனின் மனைவி, பாசத்தோடு குறுக்கே வந்தாள்.

"அண்ணா, அதுக்கு இவர் பட்ட பாடு தெரியுங்களா? அந்த கோர்சுக்கு எத்தனை போனு! புல்லை எந்த வாரம் வெட்டுவீங்க, எந்த வாரம் ஹோல் போட்டு மண்ணு தூவுவீங்கன்னு விசாரிச்சு, அதுக்கு அடுத்த வாரமாப் பாத்து புக் பண்ணினாருங்க. அவன் முழங்காலுக்கு அந்தப் புல்லு ஆகாது, பாதியிலயே மனசு விட்டுருவான்னு சொல்லிச் சொல்லி…"

மாம்பலத்துக்காரர் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார்.

"அப்ப தொண்ணூத்தெட்டு இல்ல சார், நூத்தி இருபத்தெட்டு! வெட்டின புல்லுல நாங்களும்தான் அடிப்போம்!"

நான் நண்பனைப் பார்த்தேன். சாம்பார் வாளியோடு நின்றிருந்தான். முகத்தில் பொய் சொல்லி மாட்டிக்கொண்டவனின் சிரிப்பு. ஐம்பது வருடப் பழக்கத்தில் அவனிடம் நான் அதுவரை காணாத சிரிப்பு அது.

"எல்லாருக்கும் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அதில்லடா, உட்காரு, சாப்பிடு…"

"ஐம்பது வருஷம் கூட இருந்து கழுத்தறுத்துட்டியே. எனக்குப் பிச்சை போட்டியா? லேப்லயும் இப்படித்தான் ரிசல்ட்டைத் திருத்தினியா நீ?"

மருந்து ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு அந்தக் கடைசி வாக்கியம் என்னவென்று தெரியும். அதைவிடக் கேவலமாக ஒருவனைத் திட்ட முடியாது. அவன் ஒரு எண்ணைக்கூட மாற்றியவனல்ல என்று என்னைவிட நன்றாக அறிந்தவர் யாருமில்லை. ஒரு முறை மேலதிகாரி கேட்டும் மாற்ற மறுத்து, அதனால் பதவி உயர்வு தள்ளிப்போய், அன்று மாலை காரில் என் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்து வந்தவன் அவன். அவனைத்தான் சம்பந்தி முன்னால் அப்படிச் சொன்னேன். சம்பந்தி தன் இலையைப் பார்த்துக்கொண்டார்.

நண்பன் வாளியைக் கீழே வைத்தான். "சாப்பிட்டுட்டுப் போ" என்றான். நான் சாப்பிடவில்லை.

டோல்வேயில் கார் ஓட்டிக்கொண்டு விமான நிலையம் போகும்போது என் மனைவி ஒன்றுதான் கேட்டாள். "ஒரு புல்லுக்காகவா இப்படிப் பேசினீங்க?"

புல்லுக்காக இல்லை என்று அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என்னால் எதைத் தாங்க முடியும், எதைத் தாங்க முடியாது என்பதை என்னைக் கேட்காமலே அவன் முடிவு செய்துவிட்டான். நோயாளியிடம் மறைப்பது போல மறைத்தான். அந்த வலி பொய்யில்லை. இன்றும் அதை மறுக்கமாட்டேன். ஆனால் அதன் பின்னால் ஒளித்து வைத்த ஒன்று இருக்கிறது. அதை ஊர் திரும்பிய பிறகும் பல மாதங்கள் நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்த மைதானத்தில் மூன்றாவது குழியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. ரஃப் என் ஷூவின் விளிம்புக்குத்தான் வந்தது. கிரீனில் பந்தைத் தட்டினேன். ஓடவில்லை, தயங்கித் தயங்கி நின்றது. எடுத்துப் பார்த்தேன். ஈரப் பந்தில் மணல் துகள்கள் ஒட்டியிருந்தன. பேஸ்மென்டில் பாடம் எடுக்கிறவனுக்கு அந்த மணல் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. பேன்ட்டில் பந்தைத் துடைத்துவிட்டு, "பயங்கர ஃபாஸ்ட்டா இருக்கு, இல்ல?" என்று அவனைக் கேட்டேன்.

"பயங்கர ஃபாஸ்ட்டுடா" என்றான் அவன்.

அத்தோடு சரி. மீதி ஆட்டம் முழுக்க அதை நம்பினேன். ஊருக்கு வந்தும் நம்பினேன். தெரிந்த ஒன்றைத் தெரியாமல் வைத்துக்கொள்வது இவ்வளவு சுலபம் என்று எனக்கு அதற்கு முன்னால் தெரியாது.

இந்த வசந்தத்தில் தனியாகப் பிளானோ போனேன். அவன் வீட்டுக்குப் பின்னால் உள்ள பேட்டியோத் திண்ணையில் உட்கார்ந்திருந்தோம். அவன் மனைவி காபி கொண்டுவந்து வைத்தாள். "வாங்கண்ணா" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். நான் சுற்றி வளைக்கவில்லை.

"மூணாவது ஹோல்லயே எனக்குத் தெரியும்டா. கிரீன்ல மணல் இருந்தது."

அவன் காபியை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"நீ பந்தைத் தொடச்சதை நான் பாத்தேன்" என்றான்.

"பாத்தியா?"

"பாத்தேன். சரி, கண்டுபிடிச்சுட்டான், ஆனா சந்தோசமா இருக்கான், விட்டுருவோம்னு நெனச்சேன். ரெண்டு பேருமாச் சேந்து சொன்ன பொய்யின்னு நெனச்சுட்டிருந்தேன்டா நான்." தம்ளரைக் கீழே வைத்தான். "தெரிஞ்சே அன்னைக்கு லேப் பேச்சைப் பேசினியே. மாப்பிள்ளை அடுத்த நாள் எங்கிட்ட வந்து, அங்கிள் சும்மாதானே சொன்னாருன்னு கேட்டாரு. எம் மக வீட்டுல அப்படி ஒரு கேள்வி."

மன்னிப்புக் கேட்டேன். சம்பந்திக்கும் போன் செய்து நான் சொன்னது பொய் என்று சொல்வதாகச் சொன்னேன். அவன் எதிரிலேயே செய்தேன். சம்பந்தி மரியாதையாக, "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்றார். நம்பினாரா என்று குரலில் தெரியவில்லை.

மறுநாள் காலை, "வர்றியா, ஒம்போது ஹோல் ஆடலாம்" என்று நண்பனே கூப்பிட்டான். அவன் வீட்டுக்கு அருகில் சாதாரணமான மைதானம். காற்று, காய்ந்த தரை, வெளிறிய புல். முன்போலவே ஆடினோம். என் முழங்காலை விசாரித்தான். மேட்டில் ஏறும்போது என் பையை வாங்கிக்கொண்டான். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நினைத்தபோது, ஐந்தாவது கிரீனில் என் பந்து குழியிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது.

நண்பர்களுக்குள் ஆடும்போது அவ்வளவு கிட்டே நின்ற பந்தை யாரும் தட்டச் சொல்வதில்லை. 'எடுத்துக்கோ' என்பார்கள், விழுந்ததாகவே கணக்கு. இத்தனை வருடங்களில் ஒரு நாள்கூட அவன் அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. நான் பாதி குனிந்து, கையை நீட்டிவிட்டு, நிமிர்ந்து அவனைப் பார்த்தேன். குழியிலிருந்து எடுத்த கொடியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றான். கோபம் இல்லை. காத்திருந்தான், முன்பின் தெரியாதவனோடு ஆடும்போது காத்திருப்பது போல.

மட்டையை எடுத்துத் தட்டினேன். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே நின்றது. இன்னொரு முறை தட்டினேன். விழுந்தது.

"எத்தனை?" என்று கேட்டான்.

"எட்டு" என்றேன்.

எழுதிக்கொண்டான்.