அறுநூறாவது அடி

முள்ளியவளையில் காலை நடைக்குப் போகும் அந்த அம்மாவுக்குக் கனத்த உடம்பு. மெலியட்டும் என்று மகள் கனடாவிலிருந்து அடிகளை எண்ணும் மணிக்கூடு அனுப்பியிருந்தார். பற்றைக்காட்டுப் பாதையில் அவர் நடுவழியிலேயே திரும்பிவிடுவார்.

"ஏனம்மா இதோட திரும்புறியள்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அங்கால மிதிவெடி இன்னும் எடுக்கேல்லை தம்பி. எச்சரிக்கைப் பலகையை ஆரோ விறகுக்குக் கழட்டிப்போட்டினம். என்ர வீட்டுப் படலையில இருந்து அறுநூறு அடி. மணிக்கூடு காட்டினவுடன திரும்பிடுவன்."

நேற்றுப் பனிமூட்டம். வழியில் கண்ட ஆட்டுக்குட்டியொன்றைத் தூக்கி, மணிக்கூடு கட்டிய கையால் அணைத்தபடி அவர் முன்னே போனார். அவருடைய படலையிலிருந்தே நான் எண்ணிக்கொண்டு பின்னால் நடந்தேன். அறுநூறில் நான் நின்றேன், அவர் நிற்கவில்லை. கை வீசினால்தான் அந்த மணிக்கூடு எண்ணும் என்பது அப்போதுதான் உறைத்தது.

"அம்மா, நில்லுங்கோ!" என்று கத்தினேன்.

"இன்னும் இருநூறு அடி கிடக்குத் தம்பி!" என்று பனிக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

பின்னால் ஓட எனக்குக் கால் வரவில்லை.