நட்சத்திரம் தெரியாத ஒரு பெயர்

எண்பதுகளின் தொடக்கத்தில், ஆக்லாந்திலிருந்து ஒரு சிறு கூட்டமாக டார்ஜிலிங் போனோம். அந்நகரின் கிளென் ஈடன் புறநகரில் பள்ளி மண்டபமொன்றை வாடகைக்கு எடுத்து மாதமொருமுறை பூசை நடத்திவந்த கூட்டம் அது. பெரும்பாலும் யாழ்ப்பாணத்தார், சில இந்தியத் தமிழர், ஃபிஜியிலிருந்து ஆக்லாந்துக்கு வந்து குடியேறிய ஒரு அம்மா. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் அந்த ஊருக்குத் தனி அனுமதி வாங்கவேண்டிய காலம். எந்த அலுவலகத்தில் யாரிடம் எதை எப்படிக் கேட்கவேண்டும் என்பது எனக்குத் தெரியும் என்பதால் அந்தத் தொல்லை என் தலையில் விழுந்தது. தெய்வ சம்பந்தமான எல்லாவற்றையும் எங்கள் பூசைக்குழுத் தலைவர் எடுத்துக்கொண்டார். அதற்கு அனுமதி தேவைப்படவில்லை.

ஃபிஜி அம்மா கணவரோடு வருவதாகத்தான் இருந்தது. பயணத்துக்குச் சற்று முன்னால் கணவருக்குப் பக்கவாதம் வந்து, ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "நீயாவது போ, அந்த மலைக்கோயில்ல என் பேரச் சொல்லிப் பூச பண்ணிட்டு வா" என்று குழறிக் குழறிச் சொல்லி அனுப்பினாராம். அந்த அம்மா இமயமலைக்கு வந்தது அந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

விடியற்குளிரில் கஞ்சன்ஜங்காவைப் பார்க்கப் போனோம். மேகம் விலகிப் பனிச்சிகரம் சிவந்தபோது தலைவர் தாமே திரையை விலக்கியதுபோல் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா என்னருகே வந்து, "இங்கயா அண்ணே சொல்லணும்?" என்று கேட்டார். மடாலயத்தில் நெய்விளக்குகளுக்கு முன்னாலும் அதே கேள்வி. அருவிக்கரையிலும் அதே கேள்வி. "இல்லையம்மா, கோயில் நாளைக்கு" என்றேன்.

அன்று மாலைச் சாப்பாட்டின்போது தலைவர் ஒவ்வொருவரிடமும் பெயர், நட்சத்திரம் கேட்டுக்கொண்டு வந்தார். அந்த அம்மாவின் முறை வந்தது. கணவரின் பெயரைச் சொன்னார்.

"நட்சத்திரம்?"

"அதெல்லாம் தெரியாது ஐயா. கரும்புத் தோட்டத்துல பொறந்தவரு. யாரு எழுதி வச்சாங்க?"

"நட்சத்திரம் இல்லாமல் அர்ச்சனை செய்யிற முறை இல்லை அக்கா. நீங்கள் சும்மா நிண்டு கும்பிடுங்கோ."

அம்மா தட்டைப் பார்த்தபடி இருந்தார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. பிறந்த நட்சத்திரம் தெரியாதவருக்குப் பெயரின் முதலெழுத்தைக் கொண்டு நாம நட்சத்திரம் சொல்வது வழக்கம், எந்தப் பஞ்சாங்கத்திலும் அந்த அட்டவணை உண்டு என்றேன். "அதெல்லாம் ஒரு சமாளிப்பு அண்ணை" என்று சொல்லிவிட்டு அவர் பருப்பை இன்னொரு முறை பரிமாறச் சொன்னார்.

மறுநாள் காலை குன்றின் உச்சியிலிருந்த கோயிலுக்கு ஏறினோம். வழியெல்லாம் மணிகளும் நிறநிறமான கொடித்துணிகளும். அங்கே ஒரே சந்நிதியில் இந்துப் பூசகர் ஒருவரும் புத்த லாமா ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். தலைவர் முன்னே போய்ப் பூசகரிடம் ஆங்கிலத்தில் விளக்கினார். பூசகர் சிரித்தார். தலைவர் சமஸ்கிருதச் சொற்களைக் கலந்து விளக்கினார். பூசகர் மேலும் சிரித்தார். அவருக்குத் தெரிந்தவை நேபாளியும் இந்தியும். எங்களோடு வந்த இந்தியத் தமிழர்களோ இந்தி தெரியாததைப் பெருமையாகச் சொல்லிக்கொள்பவர்கள். இந்தி பேசத் தெரிந்த ஒரே ஆள் அந்த அம்மாதான். ஃபிஜி இந்தியர்களுக்கு அதுதானே அன்றாடப் பேச்சு.

தலைவர் கொஞ்சமும் கூசவில்லை. "அக்கா, இஞ்சை வாங்கோ. நான் சொல்லுறதை அப்பிடியே அவருக்குச் சொல்லுங்கோ."

அம்மா போய் நின்றார். தலைவர் தன் குடும்பத்தில் தொடங்கி எங்கள் எல்லோருடைய பெயரையும் நட்சத்திரத்தையும் ஒன்றுவிடாமல் சொன்னார். நடுவில் பூசகர் ஏதோ சொல்ல, அம்மா திரும்பி, "பேரு மட்டும் போதுமாம் ஐயா" என்றார்.

"அவைக்கு முறை தெரியாது. நட்சத்திரத்தோடை சொல்லச் சொல்லுங்கோ."

அம்மா அப்படியே சொன்னார். எல்லோர் பெயரும் முடிந்தது. அம்மா தன் கணவருக்காக வாய் திறந்தபோது தலைவர் கையை நீட்டி மறித்தார். "உங்கடை அவருக்கு நட்சத்திரம் இல்லையெண்டதையும் ஐயருக்குச் சொல்லிப்போடுங்கோ அக்கா. பிறகு குற்றம் எங்கடை தலையிலை வரக்கூடாது."

படுக்கையில் கிடக்கிற ஒருவரின் குறையை அவர் மனைவியின் வாயாலேயே சொல்ல வைக்கப் பார்த்தார். நான் வாயெடுப்பதற்குள் அந்த அம்மா நிமிர்ந்துவிட்டார்.

"அத நீங்களே சொல்லுங்க ஐயா, உங்களுக்கு இந்தி வந்தா. எனக்கு அவரு பேரச் சொல்லணும், வழி விடுங்க."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். தலைவரின் கை தானாக இறங்கியது. அம்மா பெயரைச் சொன்னார். பூசகர் அதை உரக்கச் சொல்லிப் பூவைப் போட்டார். லாமாவும் என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு, தன் பங்குக்கு அந்தப் பெயரைத் தப்பும் தவறுமாக உச்சரித்து மணியை அடித்தார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

இறங்கும்போது தலைவர் என் பக்கத்தில் வந்தார். "அந்தப் பூசை சாமிக்குப் போய்ச் சேராது அண்ணை."

"நாம நட்சத்திரம் பற்றி உண்மையிலேயே உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன்.

"தெரியாமலென்ன? என்ரை மனுசிக்கே அப்பிடிப் பார்த்துத்தானே சொல்லுறனான். அதுக்காக வாறவை போறவை எல்லாருக்கும் திறந்துவிட ஏலுமே?"

அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, அடுத்து என்ன பார்க்கப்போகிறோம் என்று மற்றவர்களுக்கு விளக்கியபடி இறங்கிப்போனார்.

வேலைக்காலம் முழுவதும் விதிகளோடு வாழ்ந்து ஓய்வு பெற்றவன் நான். விதி தெரியாதவர்கள் செய்த அநியாயங்களை நிறையப் பார்த்து மறந்தும் இருக்கிறேன். தன் வீட்டுக்கு ஒரு வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு அடுத்தவரிடம் வாசலே இல்லை என்று சொன்ன அந்த மனிதரை மட்டும் மறக்க முடியவில்லை. இன்றும் யாராவது "அப்படி ஒரு முறை இல்லை" என்று சொன்னால், உங்கள் வீட்டில் எப்படிச் செய்கிறீர்கள் என்றுதான் முதலில் கேட்கிறேன்.