ஜும்ஆ அவசரத்தில் சேர்த்த ஒரு வரி

கலியாண விருந்தான வலீமா வீட்டில், சஹன் என்ற ஒரே பெரிய சோற்றுத் தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்தோம். எங்கள் ஊரில் முதலில் சாப்பிட்டு முடித்தவர் எழும்புவதில்லை. மற்றவர் முடிக்கும்வரை சும்மா சோற்றைக் கிளறிக்கொண்டிருப்பார். கடைசி ஆளும் கையை எடுத்த பிறகுதான் சஹனைத் தூக்குவார்கள்.

என் தொழிலை யாராவது கேட்டால் இந்தச் சஹனைத்தான் சொல்வேன். சாய்ந்தமருதில், கடைக்கு மேலே ஓர் அறையில் இருந்துகொண்டு, வெளிநாட்டுக் கம்பனி ஒன்றுக்குக் கர்னல் எழுதுகிறேன். கர்னல் என்பது கணினி இயங்குதளத்தின் அடித்தளம். அங்கே ஒரே பொருளைப் பல பேர் பாவிப்பார்கள். எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்ற எண் அந்தப் பொருளோடேயே இருக்கும். எடுப்பவர் ஒன்றைக் கூட்டுவார், விடுபவர் ஒன்றைக் குறைப்பார். பூச்சியம் ஆனதும் பொருளை அழித்துவிடலாம். யாராவது ஒரு தடவை கூடுதலாகக் குறைத்தால், இன்னொருவர் பாவித்துக்கொண்டிருக்கும்போதே பொருள் போய்விடும், இயந்திரம் செயலிழந்து விழுந்துவிடும்.

எங்கள் கர்னலில் இந்த எண்ணும் முறையை வடிவமைத்தவன் நான். தலைமைப் பொறியியலாளர் அதை மெச்சியதில் எனக்குத் தலைக்கனம் ஏறியிருந்தது.

காரைதீவைச் சேர்ந்த ஒரு பெண் என்னோடு அதே அறையில் வேலை செய்தார். அவருடைய சோதனைக்காலம் முடிந்து வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. அந்த வேளையில்தான் வாடிக்கையாளர்களின் இயந்திரங்கள் விழத் தொடங்கின. அவர் புதிதாகச் சேர்த்த ஒரு வரியை நீக்கிப் பார்த்தோம். விழுவது நின்றது. அவ்வளவுதான், குற்றவாளி கிடைத்துவிட்டார்.

"இந்தக் கூடுதல் குறைப்பு யாருடையது?" என்று கூட்டத்தில் தலைமைப் பொறியியலாளர் திரையில் கேட்டார். பதில் சொல்லுமுன் என்னுடைய நிரலை ஒருமுறை கண்ணோட்டிப் பார்த்தேன். அங்கே கிடந்தது. முந்திய மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பாங்கு சொல்லிவிட்டார்கள் என்ற அவசரத்தில், வேலை தோல்வியடைந்தால் எண்ணைக் குறைக்கும் வரியொன்றை நானே சேர்த்துவிட்டுத் தொப்பியைப் போட்டுக்கொண்டு ஓடியிருந்தேன். நிரலைப் படிப்பவர்களுக்காக அதற்கு மேலே நான் எழுதியிருந்த குறிப்பை மாற்றவில்லை. "தோல்வியில் எண் குறையாது, அழைப்பவரே குறைக்க வேண்டும்" என்று அது சொல்லிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் என் குறிப்பை நம்பித் தானும் ஒரு தடவை குறைத்திருக்கிறார். பிழை முழுக்க என்னுடையது.

"அவருடைய புதிய வரிதான்," என்றேன்.

பக்கத்துக் கதிரையில் இருந்த அவர் என்னைப் பார்த்தார். நான் திரையைப் பார்த்தேன். அடுத்த கிழமை, "சிறு துப்புரவு" என்று தலைப்புப் போட்ட ஒரு மாற்றத்துக்குள் அந்தக் குறிப்பைத் திருத்திவிட்டேன். அவருடைய வேலை நிரந்தரமாகவில்லை. போகும் நாளில் என் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனார். நான் வெட்கங்கெட்டவன், நன்றி சொன்னேன்.

வலீமாவுக்கு வருகிறேன். பரிமாறுபவர் குனிந்து, "முடிஞ்சா?" என்றார். நான் யோசனையில் "ஓம்" என்றேன். சஹனைத் தூக்கிவிட்டார். எதிரே இருந்த பெரியவரின் கையில் பிடிசோறு அப்படியே நின்றது.

"காக்கா, நான்தான் ஓமெண்டு சொன்னேன். என்ட பிழை, மாப் பண்ணுங்க," என்றேன். அண்ணனை நாங்கள் காக்கா என்போம். அவர் சிரித்தார். வேறு சஹன் வந்தது. எல்லாம் ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் சும்மா சோற்றைக் கிளறிக்கொண்டிருந்தேன். ஒரு பிடி சோற்றுக்கு இவ்வளவு லேசாக வந்த வார்த்தை, ஒரு பிள்ளையின் வேலைக்கு ஏன் வரவில்லை?

மறுநாள் காரைதீவுக்குப் போனேன். அந்தப் பெண் வீட்டு முன்னறையில் பிள்ளைகளுக்குக் கணினி படிப்பித்துக்கொண்டிருந்தார். பிழை என்னுடையது என்பதை வாசலில் நின்றே சொன்னேன்.

"தெரியும் காக்கா," என்றார். "நீங்க குறிப்ப மாத்தின அண்டைக்கே பாத்த நான்."

"பிறகேன் தங்கச்சி சொல்லல்ல?"

"நான் சொன்னா, வேலை போகப்போற ஆள் சாட்டுச் சொல்லுது எண்டுதான் நினைப்பாங்க. நீங்க சொல்லுவீங்க எண்டு கடைசி நாள் மட்டும் பாத்துக்கொண்டிருந்த நான்."

தேத்தண்ணி குடிக்கச் சொன்னார். நான் குடிக்கவில்லை. அறைக்கு வந்து, நடந்ததை நடந்தபடி தலைமைப் பொறியியலாளருக்கு எழுதி, அந்தப் பெண்ணுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். நேர்மைக்கு நன்றி என்று பதில் வந்தது. அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுத்தாகிவிட்டது என்றும் இருந்தது.

காரைதீவிலிருந்து வந்த பதிலில் ஒரு சொல்தான் இருந்தது: "கிடைத்தது."